ஓ நெகட்டிவ் தட்டு

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. ஊர் உலகத்தில் இது தலைகீழாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வேலையில் யார் முன்னால் வந்தாரோ அவர் மூத்தவர், அவ்வளவுதான்.

குருவின் பெயர் பேராச்சி. பாளையங்கோட்டையில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் அவள்தான் தலை. அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்லிப் பார்த்தவர்கள் அந்த மாடியில் யாரும் கிடையாது.

சீடர் அருமைநாயகம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தவர். நின்று நின்று முழங்கால் தேய்ந்து போய் வேலையை விட்டார். ரத்த வங்கிக்குப் புரோகிராம் எழுத விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேராச்சி தேடுவதாகக் கேள்விப்பட்டு, மாடிப்படி ஏறிப் போய் நின்றார்.

"புரோகிராம் எழுதத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது மேடம். ரத்தம் தெரியும்."

"சரி, உட்காருங்க."

முழங்கால் வலிக்கிற மனுசனுக்கு அதைவிட நல்ல வார்த்தை உண்டா? உட்கார்ந்தார். ஒன்றரை வருஷத்தில் கற்றுக்கொண்டும் விட்டார். அந்த வயதில் அது சாமானியமில்லை. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. ஏறத்தானே செய்யும்.

அன்று வெள்ளிக்கிழமை. அவர் எழுதிய புரோகிராம், அவர் வேலை பார்த்த அதே ரத்த வங்கியில், காலை எட்டு மணிக்கு முதல்தடவையாக ஓடத் தொடங்கியிருந்தது. மனுசர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பன்னிரண்டு மணி வாக்கில் பேராச்சியின் மேசைக்குப் போனார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஓ நெகட்டிவ் பை, ரத்தப் பையா இல்லையா?"

"ரத்தப் பைதான்."

"அப்போ பத்து ஓ நெகட்டிவ் பை இருக்கிற லிஸ்ட், ரத்தப் பை லிஸ்ட்தானே?"

பேராச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு மெத்தட், ரத்தப் பை லிஸ்ட் கொடுன்னு கேக்கு. நான் ஓ நெகட்டிவ் லிஸ்ட்டை நீட்டுதேன். கம்பைலர் வாங்க மாட்டேங்குது. இது அது இல்லைன்னு சிவப்புக் கோடு போடுது. இருபத்திரண்டு வருஷம் ரத்தத்தோட குடித்தனம் பண்ணினவன் நான். எது ரத்தம்னு எனக்கே பாடம் எடுக்குதா அது?"

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதினதை ஓடவிடுமுன் வரிவரியாகப் படித்து, சரியில்லாததை மறிக்கிற வாசல்காரன்தான் கம்பைலர். மெத்தட் என்றால் ஒரு வேலையைச் செய்து முடிக்கிற புரோகிராம் துண்டு. 'ரத்தப் பை' என்பது அந்தப் புரோகிராமில் ஒரு இன்டர்ஃபேஸ். அதாவது ஒரு பொது ஒப்பந்தம். உன் எண் என்ன, எத்தனை மில்லி, என்றைக்குக் காலாவதி என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் எதுவும் ரத்தப் பைதான். எந்தக் குரூப் என்ற கேள்வி அந்த ஒப்பந்தத்தில் கிடையாது.

பேராச்சி நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட மாத்திரை டப்பா இருக்கா?"

"இருக்கு. ஏன், தலைவலியா?"

"கொடுங்களேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். ஒரு வாரத்துக்கான சர்க்கரை மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டு வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. பேச்சு வாக்கில் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார்.

அவள் டப்பாவைத் திறந்தாள். ஒரு மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு தன் கைப்பையைத் துழாவி, அவள் அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த பிரஷர் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி உள்ளே போட்டாள். மூடினாள். நன்றாகக் குலுக்கினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நேரமாச்சு. போட்டுக்கிட்டுச் சாப்பிடப் போங்க."

அருமைநாயகம் சிரித்தார். டப்பாவைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாம் வெள்ளை. எல்லாம் வட்டம். ஒன்றிரண்டைக் கையில் கொட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை.

"என்ன மேடம் இது, விளையாடுதீங்களா? இதுல எது என் மாத்திரை?"

"நான் என்ன தப்பு செஞ்சேன்? மாத்திரை டப்பா கேட்டேன். மாத்திரையைத்தான் போட்டேன்."

"இது சர்க்கரை மாத்திரை டப்பா!"

"அது உங்களுக்குத் தெரியும். நான் கேட்டது மாத்திரை டப்பா. நீங்கதானே நீட்டினீங்க?"

"நீட்டினா? கண்டதையும் உள்ளே போடவா?"

"கண்டதைப் போடலையே. கல்லைப் போட்டேனா, மண்ணைப் போட்டேனா? மாத்திரைதான் போட்டேன்."

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி இதென்ன வேலை என்று நினைத்தார். 

"டப்பாவைக் கேக்காம, ஒரு மாத்திரை கொடுங்கன்னு கேட்டிருந்தா?" என்றாள் பேராச்சி.

"ஒண்ணு எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"அதுல உங்களுக்கு ஆபத்து உண்டா?"

"எனக்கென்ன ஆபத்து? டப்பா என் கையிலதானே..."

வாக்கியம் முடியவில்லை. லிஸ்ட்டைக் கேட்ட அந்த மெத்தட் ஞாபகத்துக்கு வந்தது. அது பக்கத்து மேசை இசக்கியப்பன் எழுதியது. காலாவதி பார்க்கிற மெத்தட். லிஸ்ட்டை வாங்கும். மூன்று நாளில் காலாவதி ஆகப்போகிற பையை வெளியே எடுக்கும். அதோடு நிற்காது. காலியான இடத்தில், பொது இருப்பிலிருந்து ஒரு பையை எடுத்து வைக்கும். ஒரு ரத்தப் பையை.

"அந்தச் சிவப்புக் கோட்டை என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

கையில் கொட்டிய மாத்திரைகளை அவர் டப்பாவில் போட்டு மூடினார்.

"நேத்து சாயந்தரம்... எனக்குத் தெரியும், நீ சும்மா இருன்னு கம்பைலர்கிட்டச் சொல்லுததுக்கு ஒரு வழி இருக்குல்லா மேடம். அதை எழுதிட்டேன். சிவப்பு போயிட்டு. மஞ்சளா ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டுச்சு."

"இப்ப எங்க இருக்கு அது?"

"காலையில எட்டு மணியிலேருந்து ஓடுது."

பேராச்சி எழுந்து நின்றாள். அவள் அப்படி எழுந்து அவர் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரை இழுத்து ரத்த வங்கிப் புரோகிராமை நிறுத்தினாள். "போன் போடுங்க" என்றாள்.

அவருக்கு நம்பர் மனப்பாடம். இருந்தும் விரல் இரண்டு தடவை தப்பியது. அந்த ரத்த வங்கியில் குளிர்பெட்டியின் மேல்வரிசையில் ஒரு தட்டு உண்டு. அவசரத் தட்டு. அவர் நீட்டிய லிஸ்ட் அந்தத் தட்டின் லிஸ்ட்தான்; அதில் ஓ நெகட்டிவ் மட்டும்தான் இருக்கும். வந்த ஆளின் குரூப் பார்க்கக்கூட நேரமில்லை, உயிர் போகிறது என்றால், அந்தத் தட்டிலிருந்து பை போகும். கேள்வி கேட்காமல் போகும். ஓ நெகட்டிவ் யாருக்கும் சேரும்; அதற்காகத்தான் அந்தத் தட்டு. எந்தப் பையை எடுப்பது, எந்தப் பையை வைப்பது என்று இன்று காலை முதல் அவருடைய புரோகிராம் சீட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றது மறுமுனை. ரஹ்மத் நிஷா. அவரிடம் தொழில் பழகி இப்போது அவர் இடத்தில் இருப்பவள். "உங்க புரோகிராம் ஜோரா ஓடுது. இப்பதான் என்னமோ நின்னுட்டு."

"நிஷா, அவசரத் தட்டுல காலையில பை மாத்தினியாம்மா?"

"மாத்தினேன். ரெண்டு பை மாத்தச் சொல்லிச் சீட்டு வந்துச்சு. எடுத்துட்டு வச்சேன்."

"வச்ச பையில லேபிள் என்ன நிறம்?"

ஓ குரூப்புக்கு நீலம். பி குரூப்புக்கு ரோஸ். பைகள் தட்டில் நெருக்கி நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எண் மட்டும்தான் தெரியும்.

"நிறமா? இன்னைக்கு ரத்ததான கேம்ப்பிலேருந்து நூத்தி இருபது பை வந்து இறங்கிருக்கு அண்ணாச்சி. மூச்சுவிட நேரமில்லை. சீட்டுல நம்பர் இருந்துச்சு, நம்பரைப் பார்த்து வச்சேன். நீங்க எழுதினதுங்கதால நான் திருப்பிக்கூடப் பார்க்கல."

நீங்க எழுதினதுங்கதால. அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கியது.

"தாயி, உடனே போய் தட்டைப் பாரு. எல்லாப் பையையும் திருப்பிப் பாரு."

போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. குளிர்பெட்டிக் கதவு திறக்கும் சத்தம். அவருக்குத் தெரிந்த சத்தம். திறந்த கதவு கூவத் தொடங்கியது. அது கூவிக்கொண்டே இருந்தது.

நிஷா திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"ஒண்ணு ரோஸ், அண்ணாச்சி. பி பாசிட்டிவ். இங்கேதான் இருக்கு, எடுத்துட்டேன்."

"இன்னொண்ணு?"

மறுமுனையில் ரிஜிஸ்டர் புரளும் சத்தம் கேட்டது.

"நிஷா! இன்னொண்ணு எங்க?"

"பிரசவ வார்டுக்கு ரெண்டு பை போயிருக்கு. பத்து நிமிஷம் ஆச்சு. பிள்ளை பெத்த பொண்ணு, ரத்தம் நிக்கலைன்னு ஓடி வந்து வாங்கிட்டுப் போனாங்க. நான் வச்ச பை அதுல ஒண்ணு."

"வார்டுக்குப் போன் போட்டியா?"

"இன்டர்காம்ல அடிச்சேன், யாரும் எடுக்கல. நான் ஓடுதேன்."

மறுபடியும் போன் மேசைமேல் விழுந்தது. செருப்புச் சத்தம் தூரமாய்ப் போனது.

அருமைநாயகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். வங்கியிலிருந்து பிரசவ வார்டுக்கு ஒரு நீள வராந்தா, இரண்டு மாடிப்படி. அவர் கால் நன்றாக இருந்த நாளில் நான்கு நிமிஷம். மாறின ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த மாடியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முதலில் குளிர் வரும். அப்புறம் முதுகு வலிக்குது என்பார்கள். அதற்கு மேல் நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைப்பு சொன்ன பேச்சுக் கேட்டால்தானே? மயங்கிக் கிடக்கிறவளுக்கு முதுகு வலி என்று சொல்லவும் வாய் இருக்காது.

"கடவுளே" என்றார். 

  பேராச்சி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

இசக்கியப்பன் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றான். இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கடையில் யாரோ மெத்தை ஒன்றைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போனில் யாரோ ஒரு பெரியவர், "இங்க யாரும்மா, ஆளு இல்லையா, ரத்தம் வாங்க வந்திருக்கேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு அவரும் ஓய்ந்தார்.

ஒன்பது நிமிஷம். அருமைநாயகம் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

செருப்புச் சத்தம் வந்தது. நிஷாவுக்குப் பேச மூச்சு இல்லை.

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"ஒண்ணு ஏறிக்கிட்டு இருந்துச்சு. அது நீலம். நானே திருப்பிப் பார்த்தேன்."

"இன்னொண்ணு?"

"ரோஸ். ஸ்டாண்டுல தொங்கவிட்டிருந்தாங்க. முதல் பை முடிஞ்சதும் மாத்த ரெடியா. முதல் பையில கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. பிடுங்கிட்டு வந்துட்டேன். கூடவே ஓடி வந்த வார்டு சிஸ்டர்கிட்ட வேற பை கொடுத்து அனுப்பிட்டேன். நல்ல பை. பொண்ணு கண்ணைத் திறந்துட்டா."

சொல்லிவிட்டு அவள் போனிலேயே அழுதாள்.

"தட்டை முழுசா காலி பண்ணு நிஷா. ஒவ்வொரு பையா லேபிளைப் பார்த்து, உன் கையால திரும்ப வை. கம்ப்யூட்டரைத் தொடாதே." அதை எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. போனை வைத்தார். பேராச்சி நாற்காலியை அவருக்குக் கீழே தள்ளினாள்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இசக்கியப்பன் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். அதை எடுத்துக் குடித்தார். 

"அவன் மேல தப்பில்லை மேடம்" என்றார், இசக்கியப்பன் போன திசையைப் பார்த்து.

"இல்லை."

"நிஷா மேலயும் தப்பில்லை."

"இல்லை."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு. இனிமே எந்த லிஸ்ட்டையும் எந்த மெத்தடுக்கும் கொடுக்க மாட்டேன். எல்லாத்தையும் நானே உள்ளுக்குள்ள எழுதிக்கிடுதேன்."

"வார்டிலேருந்து ஒருத்தங்க வந்து, ஓ நெகட்டிவ் எத்தனை பை இருக்குன்னு கேட்டா, நீங்க வங்கியில என்ன செய்வீங்க?"

"காட்டுவோம். குளிர்பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. அங்கேயே நின்னு எண்ணிக்கிட வேண்டியதுதான். நம்பரைப் படிக்கலாம், தேதியைப் படிக்கலாம். யார் வந்தாலும் காட்டுவோம், அதுல என்ன இருக்கு?"

"கதவைத் திறந்து, தட்டைக் கையில கொடுங்கன்னு கேட்டா?"

"ஐயோ! அது நடக்காது."

"யாரும் கேட்டதில்லையா?"

"ஒரு தடவை கேட்டாங்க. குளோரி சிஸ்டர். பிரசவ வார்டு இன்சார்ஜ். முப்பது வருஷ சர்வீஸ், தங்கமான மனுஷி. ரெண்டு பை மிஞ்சிட்டு, தட்டைக் கொடு, நானே வச்சுட்டு வேற ரெண்டு எடுத்துக்கிடுதேன்னாங்க. நான் கொடுக்கல. கதவுக்கு முன்னால போய் நின்னுட்டேன். என்னையே நம்பலையான்னு கத்தினாங்க. டாக்டர்கிட்டச் சொன்னாங்க. ரெண்டு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"ஏன் கொடுக்கல? அவங்களுக்கு ரத்தம் தெரியாதா?"

"தெரியும் மேடம். அவங்க கையில இருந்ததும் ரத்தம்தான். நல்ல ரத்தம். ஆனா அவங்களுக்கு எல்லாப் பையும் ரத்தப் பை. என் தட்டுல ஓ நெகட்டிவ் மட்டும்தான் நிக்கணும்."



பேராச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"கதவுக்கு முன்னால நின்னாரே ஒரு ஆளு, அவரை எங்க விட்டுட்டு வந்தீங்க அண்ணாச்சி?"

அருமைநாயகம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, நேற்றுச் சாயந்தரம் எழுதின அந்த ஒரு வரியை அழித்தார்; சிவப்புக் கோடு திரும்ப வந்தது.